தலைவரின் வாழ்த்துச் செய்தி

மார்ச் 4, 2018

இன்று காலையும் பஸ் தரிப்பில் வாகீசன் அண்ணையின் முகத்தின்மேல் உட்கார்ந்தேன். புலம்பெயர்ந்து வந்த இந்த ஸ்காபரோவில் இருபத்து மூன்று வாங்கு இருக்கைகளில் அவருடைய வீடு விற்பனை விளம்பரப் படம் இருக்கிறது. கோட், கழுத்துப்பட்டி, கட்டிய கை, கீழே "உங்கள் கனவு வீடு என் பொறுப்பு". மற்றவர்கள் மரியாதைக்கு ஓரமாக இருப்பார்கள். நான் மூக்கைப் பார்த்து நடுவில் இருப்பேன். வயது ஐம்பத்து மூன்று, நிறை எண்பத்தேழு கிலோ. இறைவன் எனக்குத் தந்த ஒரே ஆயுதம் அந்த எண்பத்தேழுதான்.

மத்தியானம் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவராக அந்த முகமே தொலைபேசியில் வந்தது.

"குலம், எங்கட நெடுவெளித் தொண்டர் காலாட்படையின்ரை வரலாறு ஒண்டு புத்தகமா வரவேணும். செப்டெம்பரிலை வெளியீடு. சங்கத்திலை எல்லாரும் உம்மைத்தான் சொல்லினம். நீர்தானே எங்கட எழுத்தாளர்."

எழுத்தாளராம். தமிழ்க்கடை வாசலில் சும்மா கிடக்கும் வாரப் பத்திரிகையில் நான் வாராவாரம் பகிடி எழுதுவது உண்மை. அதில் கருவாடு சுற்றுவதும் உண்மை.

அவர் பேசி முடிக்கமுன் ஓமென்று சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருடங்களாக இந்த மனிதரைக் கொல்ல வழி தேடுகிறேன். அவரே கத்தியைத் தீட்டிக் கைப்பிடியை என் பக்கம் நீட்டும்போது வேண்டாம் என்பது பண்பல்ல.

மார்ச் 5

மனைவி சந்திராவுக்குச் சொன்னேன். "சரித்திரம் இருக்கட்டும். நாளைக்குக் குப்பை எடுக்கிற நாள், வாளியை வெளியிலை வையுங்கோ" என்றாள். வைத்தேன்.

மார்ச் 18

முதல் அத்தியாயம் முடிந்தது. சுருக்கம் இது:

1985 தையில் நெடுவெளி வாசிகசாலையில் அறுபத்து மூன்று பேர் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தோம். ஒருவரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, அதனால் தொண்டர். வாகனம் இல்லை, அதனால் காலாட்படை. இருந்த ஒரு மோட்டார் சைக்கிள் தளபதி வாகீசனுடையது. துவக்குகள் பதினொன்று, அவற்றில் வெடிப்பவை ஏழு. மிச்சப் பேர் பூவரசந் தடியால் குறிபார்த்தோம். பச்சைத் துணி கிடைக்காததால் தையல்காரர் நேசையா கல்யாண வீட்டுத் திரையை வெட்டிச் சீருடை தைத்தார். அணிவகுப்பில் சிலருடைய முதுகில் "நல்வரவு" என்று தெரியும். எதிரிக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்?

எனக்கு வைத்த இயக்கப் பெயர் போர்வேந்தன். கொடுத்த வேலை சமையல்.

இராணுவ முகாமுக்கும் ஊருக்கும் நடுவே வயல் வரம்பில் நாலு காவல் அரண்கள் போட்டிருந்தோம். சென்றி என்போம். சமையல்காரன் தப்பினான் என்று நினைக்க வேண்டாம். வடக்குச் சென்றியில் விடியப்புறம் ரெண்டு மணி தொடக்கம் நாலு மணிவரை என் முறை. "எப்பிடியும் எழும்பிப் பிட்டு அவிக்கிறவன்தானே" என்பது தளபதியின் கணக்கு. அதற்காகவே படையின் ஒரே அலாரம் மணிக்கூடு சமையல்கட்டில் இருந்தது. எனக்கு முன், இரவு எட்டு மணி தொடக்கம் ரெண்டு மணிவரை, காந்தனுடைய முறை. மாற்ற ஆள் வராமல் யாரும் சென்றியை விட்டுப் போகக் கூடாது. அது சட்டம்.

காந்தன் நல்லவன். சில நாட்கள் நான் கொட்டாவியோடு போனால், "நீ போய் மாவை அவி, நான் இருக்கிறன்" என்று திருப்பி அனுப்பி விடுவான்.

வாகீசன் அண்ணைக்கு அத்தியாயத்தை அனுப்பினேன். "நல்வரவு பகுதியை எடும்" என்று பதில் வந்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 8

ஞானேஸ்வரி வந்தாள். காந்தனின் தங்கை. இங்கே பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் வேலை. கையில் பனங்காய்ப் பணியாரம். இந்த நாட்டில் பனங்காய் எங்கே என்று கேட்டேன். "அதைக் கேளாமல் சாப்பிடுங்கோ குலமண்ணை" என்றாள்.

பிறகு கேட்டாள்: "புத்தகத்திலை வீரச்சாவடைஞ்ச ஆக்களின்ரை பட்டியல் வருமாமே. அண்ணான்ரை பேர் வருமோ?"

இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். 1986 ஓகஸ்ட் 10 விடிய, காந்தன் காவல் இருந்த வடக்குச் சென்றி வழியாக இராணுவம் உள்ளே வந்தது. எங்களில் ஐந்து பேர் செத்தார்கள். காந்தன் வேண்டுமென்றே கண்ணை மூடி வழிவிட்டான் என்று அன்று பின்னேரமே எங்கள் படையே அவனைச் சுட்டது. கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டையைக் கட்டியது. அவனுக்கு இருபத்தொன்று. இவளுக்கு அப்போது பதினாலு. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படலையை ஊரில் யாரும் திறக்கவில்லை. நான் மட்டும் போவேன்.

"வரும் பிள்ளை. வராட்டி நான் இனிப் பேனையைத் தொடமாட்டன்" என்றேன்.

"நீங்கள் கம்பியூட்டரிலைதானே எழுதிறனீங்கள்."

சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. போகும்போது, "அம்மா சாகும்வரைக்கும் அண்ணான்ரை படத்தை அலுமாரிக்குள்ளைதான் வைச்சிருந்தவ. நான் அதைச் சுவரிலை கொழுவவேணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

ஏப்ரல் 15

வாகீசன் அண்ணையின் அலுவலகம் போனேன். தோல் கதிரை, மேசையில் மீன்தொட்டி. மீன்கள்கூட வீடு வாங்க வந்தவை போல் சுற்றிப் பார்க்கின்றன.

"இருபத்தாறு பேர்தான் பட்டியல். அவன் இல்லை" என்றார்.

"அண்ணை, அவன் நித்திரையாப் போனவன். அவ்வளவுதானே."

"அந்த அஞ்சு பேரின்ரை குடும்பமும் மண்டபத்துக்கு வருகுது. அவன்ரை பேரைப் பாத்தினமெண்டா கதிரையாலை எறிவினம். நீர் பகிடி எழுதுற ஆள், பகிடியை எழுதும். தீர்ப்பு எழுத வேண்டாம்."

தேத்தண்ணி தந்தார். குடித்தேன். கைகுலுக்கினார். குலுக்கினேன். வெளியே வந்து அவருடைய காருக்குப் பக்கத்தில் நின்று, சாவியால் கீறலாமா என்று முழுதாக ஒரு நிமிடம் யோசித்தேன். கமரா இருந்தது. வீரம் எப்போதும் கமராவில்தான் தோற்கிறது.

அன்று விடிய வாகீசன் அண்ணை நெடுவெளியில் இல்லை. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் அவர்.

மே 13

ஆறாம் அத்தியாயம் 1986 ஓகஸ்ட். இன்னும் தொடங்கவில்லை. குசினிக் குழாய் திருத்தினேன்.

மே 20

குழாயைத் திரும்பத் திருத்தினேன். அதில் முதலே பிழை இருக்கவில்லையாம். சந்திரா சொல்கிறாள்.

யூன் 10

நம்மவர் மலரோ புத்தகமோ போட்டால் வாழ்த்துச் செய்தி பதினொன்று வேண்டும். பதினொன்றையும் ஒரே ஆள் எழுத வேண்டும். இது எங்கள் இனத்தின் எழுதாத சட்டம். ஒவ்வொருவரிடமும் பவ்வியமாகக் கேட்டேன், ஒவ்வொருவரும் பவ்வியமாகவே சொன்னார்கள்: "நீங்களே ஒண்டை எழுதி என்ரை பேரைப் போடுங்கோ."

ஆகவே இன்று ஒரே இருப்பில் நான் பல்வைத்தியரானேன், கோயில் ஐயரானேன், காப்புறுதி முகவரானேன், நடனப் பள்ளி அதிபருமானேன். அதிபராக எழுதும்போது கை கொஞ்சம் அபிநயம் பிடித்தது. எல்லோரும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பி விட்டார்கள். பல்வைத்தியர் மட்டும் படத்தை மாற்றச் சொன்னார். அதில் பல் தெரியவில்லையாம்.

கடைசியாக வாகீசன் அண்ணை எடுத்தார். "குலம், தலைவரின் வாழ்த்துச் செய்தி அஞ்சாம் பக்கத்திலை, கலரிலை வரவேணும். என்ரை மனசிலை உள்ளது உமக்குத் தெரியும்தானே. அதை எழுதும்."

தெரியும் அண்ணை. தெரியும்.

யூன் 11

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். சந்தோசத்தில் உடம்பு உண்மையாகவே சுட்டது.

யூலை 1

பொது விடுமுறை. வெளியே வாணவேடிக்கை. உள்ளே நானும் வெடி சுற்றினேன். முதல் இரண்டு பந்தி வழக்கமான மாவீரம், மண், மானம். எங்களுடைய ஆட்கள் மூன்றாம் பந்திக்கு ஒருநாளும் போக மாட்டார்கள். மூன்றாம் பந்தி இது:

"1986 ஓகஸ்ட் 9 பின்னேரம் நான் சமையல்கட்டுக்குப் போய்ப் படையின் மணிக்கூட்டை எடுத்தேன். இந்தியாவுக்குத் தப்பிப் போக ஒரு வள்ளம் ஒழுங்கு செய்திருந்தேன். அதைப் பிடிக்க விடியப்புறம் எழும்ப வேண்டியிருந்தது. வள்ளக்காரனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கடல் குழம்பியதால் வள்ளம் வரவில்லை. நான் திரும்பி வந்தபோது என் பிள்ளைகள் ஐந்து பேர் வயலில் கிடந்தார்கள். தளபதி எங்கே இருந்தான் என்று யாரும் கேட்பதற்குமுன் எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். காந்தனை மாற்ற ஆள் வரவில்லை. எட்டு மணித்தியாலம் தனியே விழித்திருந்தவன் கண் அயர்ந்தான். அவன் துரோகி அல்ல. அவனைச் சுடச் சொன்னவன் நான்."

வள்ளத்தையும் மணிக்கூட்டையும் பற்றி அந்த வள்ளக்காரனே சாகமுன் எனக்குச் சொல்லியிருந்தான். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டேன். பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. சந்திரா வந்து, "என்ன தனிய இருந்து சிரிக்கிறியள்?" என்றாள். பல்வைத்தியரின் செய்தி என்றேன்.

ஓகஸ்ட் 3

கையெழுத்துப் போட்டு வந்துவிட்டது! நீல மையில், கீழே இரண்டு கோடு வேறு. கூடவே ஒரு குறிப்பு: "அருமை. அப்பிடியே என்ரை மனசைத் தொட்டிட்டீர்."

ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்தேன்.

ஓகஸ்ட் 11

காந்தனின் ஆட்டைத் திவசம், சனிக்கிழமை என்பதால் ஒரு நாள் தள்ளி. ஞானேஸ்வரி வீட்டில் ஒவ்வொரு வருடமும் முதல் இலை எனக்குத்தான். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வாழைக்காய், வடை, பாயசம்.

"நீங்கள் சாப்பிட்டா அவன் சாப்பிட்ட மாதிரி" என்றாள். "வேறை ஒருத்தரும் எங்கட வீட்டை வராத காலத்திலை நீங்கள் வந்தனீங்கள். நான் மறக்கேல்லை."

பட்டியலில் இருபத்தேழாவதாக அவன் பெயரைச் சேர்த்துவிட்டதைச் சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பசி ஒரு வெட்கங்கெட்ட நாய்.

ஓகஸ்ட் 20

அச்சகத்துக்காரன் நாசமாய்ப் போக. கலர்ப் பக்கம் என்பதால் "படம் சரியோ" என்று தலைவருக்கே ஒரு பிரதி அனுப்பியிருக்கிறான். தலைவர் தன் படத்தைப் பார்க்கக் கண்ணாடி போட்டிருக்கிறார். கண்ணாடி போட்டால் எழுத்தும் தெரியும்.

ஆறு மணிக்குக் கார் வந்து வாசலில் நின்றது. நான் புல்வெட்டிக் கொண்டிருந்தேன்.

"இதென்னடா இது?"

"வாழ்த்துச் செய்தி அண்ணை. நீங்கள் கையெழுத்துப் போட்டது."

"கோட்டுக்கு இழுப்பன்."

"இழுங்கோ. அங்கை என்ன நடந்ததெண்டு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிச் சொல்லுவம்."

கையை ஓங்கினார். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவன் தக்காளிக்குத் தண்ணீர் விட்டபடி எங்களைப் பார்த்து, "ஹலோ" என்றான். இருவரும் ஹலோ சொன்னோம். வாகீசன் அண்ணை ஓங்கிய கையாலேயே அவனுக்குக் கை காட்டினார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "முப்பத்திரண்டு வரியமா இதைத்தான் வயித்திலை வைச்சிருந்தனியோ?"

"ஓம்."

"அப்ப முழுக்க வெளியிலை எடு. பாதியை ஏன் வைச்சிருக்கிறாய்?"

பேனையை எடுத்தார். புல்வெட்டியின் மூடியில் தாளை வைத்து, என் மூன்றாம் பந்தியின் கீழே தன் கையால் எழுதினார். எழுதி என் சட்டைப் பைக்குள் செருகினார்.

"இதோடை போடு. இல்லாட்டிப் பக்கத்தையே எடு. என்னைத் தூக்கிலை போடுறதெண்டா கயித்திலை ரெண்டு சுருக்கு இருக்கட்டும், போர்வேந்தன்."

அவர் போனபின் மிச்சப் புல்லையும் வெட்டினேன்.

ஓகஸ்ட் 21

அவர் எழுதியது:

"அன்று விசாரணையில் சமையல்காரனைக் கேட்டேன். ரெண்டு மணிக்குத் தான் சென்றியை மாற்றப் போனதாகவும், காந்தன்தான் ‘நீ போ, நான் இருக்கிறன்’ என்று திருப்பி அனுப்பியதாகவும் அவன் சொன்னான். மணிக்கூட்டை எடுத்தது நான். அது இல்லாமல் சமையல்காரன் எப்படி எழும்பினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவரும் மாட்டியிருப்போம்."

நல்ல தமிழ். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. தேடினேன்.

ஓகஸ்ட் 22

சரி, எழுதுகிறேன். இந்தக் கொப்பியைச் சந்திராகூட வாசிப்பதில்லை.

நான் எழும்பவில்லை. மணிக்கூட்டைக் காணவில்லை என்றதும் விழித்தே இருந்திருக்கலாம். "எப்பிடியும் முழிப்பு வரும்" என்று சாக்கின்மேல் சரிந்தேன். துவக்குச் சத்தத்தில்தான் முழித்தேன். பின்னேரம் வேப்பமரத்தடியில் வாகீசன் அண்ணை, "மாத்தப் போனனியோ?" என்று கேட்டபோது அவர் இடுப்பில் கைத்துவக்கு இருந்தது. என் வாய் எனக்குமுன் பேசியது. பிறகு, உனக்குக் கையெழுத்து வடிவு என்று மட்டையையும் என்னிடமே தந்தார். துரோகி. மூன்று எழுத்து. என் முதல் பிரசுரம்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாவற்றுக்கும் சனம் சிரித்திருக்கிறது.

செப்டெம்பர் 2

வாகீசன் அண்ணை தொலைபேசியில்: "என்ன முடிவு?"

"யோசிக்கிறன் அண்ணை."

"யோசி, யோசி. ஆறுதலா யோசி." அந்தச் சிரிப்பு! பக்கத்தை நான் எடுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். வேப்பமரத்தடியிலும் அவருக்கு என்னைத் தெரிந்துதான் இருந்தது.

செப்டெம்பர் 5

அச்சுக்குப் போய்விட்டது. அவருடைய வரிகளோடு.

உண்மைக்காகச் செய்தேன் என்று பின்னாளில் யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஞானேஸ்வரிக்காக என்றும் நினைக்க வேண்டாம். அவளுக்காக என்றால் முதலில் அவளிடமல்லவா போய்ச் சொல்லியிருப்பேன். அந்தச் சிரிப்போடு இந்த மனிதர் கிழவனாகி, பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கக் கட்டிலில் சாவதை என்னால் தாங்க முடியாது. அவர் விழும் குழிக்குள் நானும் விழ வேண்டும் என்றால், விழும்போது அவருடைய முகம் பக்கத்தில் தெரியும். அது போதும்.

பக்கத்தை எடுத்துவிட்டதாக அவருக்குச் சொல்லிவிட்டேன். பொய் எனக்குப் புதிதல்ல.

செப்டெம்பர் 22

வெளியீடு முடிந்து வந்து எழுதுகிறேன். சந்திரா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முந்நூறு பேர் வந்திருந்தார்கள். புத்தகங்கள் அச்சகத்திலிருந்து ஒட்டிய பெட்டியோடு நேரே மண்டபத்துக்கு வந்தன. விளக்கேற்றினார்கள், மௌன அஞ்சலி செலுத்தினார்கள். வாகீசன் அண்ணை தலைமையுரையில் வீரத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். முதற் பிரதிக்கு நான் ஞானேஸ்வரியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். அறிவிப்பாளர் கூப்பிட்டபோது அண்ணைக்கு முகம் ஒரு கணம் கறுத்தது. ஆனால் மேடை அல்லவா? பல்லைக் காட்டியபடி பட்டுநாடா கட்டிய பிரதியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள்.

அவள் முன்வரிசைக்குத் திரும்பி நாடாவை அவிழ்த்தாள். பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பட்டியலைக் கண்டுபிடித்தாள். இருபத்தேழாம் பெயரில் விரலை வைத்து அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அதற்குப் பிறகு, கிடைத்த புத்தகத்தை முதலிலிருந்து ஆசையாகப் புரட்டுபவர்களைப் போல முதல் பக்கத்துக்குப் போனாள். ஐந்தாம் பக்கத்தில் நின்றாள்.

மற்றப் பக்கங்களை அவள் திறக்கவில்லை.

அப்போது என்னை ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். சபை கதிரையில் சாய்ந்து வசதியாக இருந்தது. குலமண்ணை பேசினால் வயிறு நோகச் சிரிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். பல்வைத்தியரின் பகிடியோடு தொடங்க வாயைத் திறந்தேன்.

ஞானேஸ்வரி எழும்பினாள். "குலமண்ணை. அஞ்சாம் பக்கத்தை வாசியுங்கோ."

வாசித்தேன். தளபதி மணிக்கூட்டை எடுத்த இடத்தில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். வள்ளம் வராத இடத்தில் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். சமையல்காரன் வந்ததும் மண்டபம் பாதி சிரித்தது. படையின் சமையல்காரன் நான்தான் என்று ஊர் உலகத்துக்கே தெரியும். தலைவரும் நானும் சேர்ந்து போடும் நாடகம் என்று நினைத்திருக்கிறார்கள். யாரோ விசிலடித்தான்.

வாகீசன் அண்ணை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். எழும்பிப் போனால் உண்மை என்றாகிவிடும். இருந்தாலும் உண்மைதான். நான் முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த முகம் அது. பார்த்தேன். நினைத்த அளவு ருசி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ருசித்தது.

"திருப்பி வாசி" என்றாள் ஞானேஸ்வரி.

திருப்பி வாசித்தேன். இந்தமுறை சிரிப்பு ஒவ்வொரு கதிரையாக அணைந்தது. செத்த ஐவரில் ஒருவனின் தகப்பன் மூன்றாம் வரிசையில் ஊன்றுதடியோடு எழும்பி, "உது உண்மையோ, தம்பிமார்?" என்றார். தலைவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"திருப்பி வாசி."

மூன்றாம் தரம் தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சமையல்காரன் என்ற இடத்தில் குலவீரசிங்கம் என்று என் முழுப்பெயரைச் சொன்னேன். வாகீசன் அண்ணையும் நானும் எழுதாமல் விட்ட ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் சொன்னேன். அன்று வேப்பமரத்தடியில் நான் பொய் சொன்னதும் காந்தன் திரும்பி என்னைப் பார்த்தான். கை பின்னால் கட்டியிருந்தது. உண்மை சொன்னால் யாரைச் சுடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். பிறகு தளபதியைப் பார்த்து, "ஓம், குலம் வந்தவன். நான்தான் போகச் சொன்னனான்" என்றான்.

ஞானேஸ்வரி நாலாம் தரம் கேட்கவில்லை.